புயலா, பூதமா? ஜப்பான் ராட்சத மிருகப் படம்: ரசிகர்கள் இரண்டு கட்சி!

புதுக்கோட்டை:-

"மிருகம் எப்போ வரும்?"

ஜப்பான்காரர்கள் எடுத்த "காட்ஜில்லா" படத்தைப் பார்க்க உட்காருகிற யாரும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்.

படம் ஆரம்பித்து ஏறத்தாழ 20 நிமிடம் வரை மிருகம் தலை காட்டாது. கப்பல் எரிகிறது. ஜனங்கள் அழுகிறார்கள். புயல் அடிக்கிறது. வீடு நொறுங்குகிறது. மிருகத்தை மட்டும் காணோம்!

இதனால் படம் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள்.

"ரப்பர் பொம்மையைக் காட்டி ஏமாத்துறான்" என்பது ஒரு கட்சி.

"மிருகம் வராத அந்த 20 நிமிஷம்தாண்டா படமே" என்பது இன்னொரு கட்சி.

1954-ம் ஆண்டு ஜப்பானில் ஆரம்பித்த சண்டை இது. இன்றும் ஓயவில்லை. இதில் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் எந்தக் கட்சியில் சேருவது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. கீரமங்கலம் பக்கம் கஜா புயலைப் பார்த்தவர்களும், ஜெகதாப்பட்டினம் கரையில் படகுக்குக் காத்து நின்றவர்களும் அந்த 20 நிமிடத்தைக் கண்டிப்பாக அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அதன் விவரம் வருமாறு:-

தமிழ் பேசிய மிருகம்

இங்கே பையன்களுக்கெல்லாம் தெரிந்த காட்ஜில்லா, தமிழ் பேசும் படத்தில் வந்த காட்ஜில்லா.

2021-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி "காட்ஜில்லா வெர்சஸ் காங்" தமிழிலும் திரைக்கு வந்தது. ராட்சதக் குரங்கும் ராட்சதப் பல்லியும் கப்பல் மேல் நின்று குத்துச் சண்டை போட்டன. விசில் பறந்தது. 2024 மார்ச் 29-ல் அடுத்த படம். அதில் இரண்டும் சேர்ந்துகொண்டு வேறு குரங்கை அடித்தன.

இவை அமெரிக்காக்காரர்கள் எடுத்தவை. அப்பனை விட்டுவிட்டுப் பேரனைப் பார்த்த கதை.

இதற்கெல்லாம் அப்பன் 1954 நவம்பர் 3-ந் தேதி ஜப்பானில் வெளிவந்த "கொஜிரா". கறுப்பு வெள்ளைப் படம். ஓடும் நேரம் 96 நிமிடம். தயாரித்தது தோஹோ கம்பெனி. இயக்கியவர் இஷிரோ ஹோண்டா. தந்திரக் காட்சிகள் எய்ஜி சுபுராயா.

அதே கம்பெனிதான் அதே ஆண்டில் அகிரா குரோசாவாவின் "ஏழு சாமுராய்" படத்தையும் எடுத்தது. அதில் சாமுராய்களுக்குத் தலைவராக வந்த தகாஷி ஷிமுராதான் இதில் விஞ்ஞானி. பொம்மைப் படம் என்று கேலி பேசுகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். அந்தப் பெரிய நடிகர் இதில் சும்மா தலைகாட்டிவிட்டுப் போகவில்லை, கடைசி வரை வருகிறார்.

கொரில்லா, திமிங்கிலம் இரண்டையும் சேர்த்து வைத்த பெயர் கொஜிரா. ஜப்பான் மொழியில் திமிங்கிலத்துக்கு "குஜிரா" என்று பெயர்.

படகில் விழுந்த சாம்பல்

இந்தப் படம் எப்படிப் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு மீன்பிடி படகில் பிறந்தது.

1954 மார்ச் 1-ந் தேதி. பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதனை செய்தது. 15 மெகாடன் சக்தி. அவர்கள் போட்ட கணக்கைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வெடித்துவிட்டது!

அப்போது யைசு துறைமுகத்தில் இருந்து சூரை மீன் பிடிக்கப் போன ஜப்பான் படகு ஒன்று அந்தப் பக்கம் நின்றது. படகின் பெயர் "ஐந்தாம் எண் அதிர்ஷ்ட நாகம்". ஆட்கள் 23 பேர். அமெரிக்கா "இதற்குள் வராதே" என்று போட்ட எல்லைக்கு வெளியேதான் படகு நின்றது.

மேற்கே திடீரென்று வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் இடி போல் சத்தம். பிறகு வானத்தில் இருந்து வெள்ளைச் சாம்பல் விழுந்தது. தலையில், தோளில், வலையில், மீனில், எல்லாவற்றிலும் சாம்பல்.

அது கதிர்வீச்சுச் சாம்பல் என்று பாவம் அவர்களுக்கு என்ன தெரியும்? கையாலேயே தட்டிவிட்டார்கள்.

23 பேரும் நோயில் விழுந்தார்கள். தோல் கறுத்தது, முடி கொட்டியது. அந்தச் சூரை மீன் சந்தைக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் ஜப்பான் முழுவதும் பீதி. மீனை வாங்க ஆள் இல்லை. குழி வெட்டிப் புதைத்தார்கள்.

படகின் ரேடியோ ஆபரேட்டர் அய்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23-ந் தேதி ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் இறந்து 41-வது நாள் கொஜிரா படம் வெளிவந்தது.

படத்தின் முதல் காட்சி என்ன தெரியுமா? நடுக்கடலில் ஒரு கப்பல். ஆட்கள் மேல்தட்டில் ஓய்வாக உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கிறார்கள். திடீரென்று கடலில் வெளிச்சம்! கப்பல் எரிகிறது. ரேடியோ ஆபரேட்டர் உதவி கேட்டு அடித்துக்கொண்டே இருக்கிறார். தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது.

தியேட்டரில் இருந்த ஜப்பான்காரனுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என் மகன் எங்கே?"

தேடப் போன கப்பலும் காணாமல் போகிறது. ஆபீசில் கூட்டம். அம்மாக்களும் மனைவிமார்களும் முண்டியடிக்கிறார்கள். அதிகாரியைச் சூழ்ந்துகொண்டு பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். மூன்று பேரை ஒரு மீன்பிடி படகு காப்பாற்றிவிட்டது என்று செய்தி வருகிறது. முகங்களில் ஒரு நிமிடம் உயிர் வருகிறது. அந்த மூன்று பேர் யார் யார்? அதைக் கேட்டுச் சொல்வதற்குள் அந்தப் படகும் போய்விட்டது!

"இழுவையா இருக்கே" என்று செல்போனில் தள்ளிவிடுகிற காட்சி இது.

கோட்டைப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ இதைத் தள்ளிவிட முடியுமா?

2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்தில் இருந்து தொழிலுக்குப் போன ஒரு விசைப்படகு நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படைக் கப்பலுடன் மோதி மூழ்கியது. அதில் இருந்த 4 பேரும் உயிரோடு திரும்பவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு கோட்டைப்பட்டினம் படகு அதே மாதிரி மூழ்கியது. ஒருவர் இறந்தார்.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் கரையில் என்ன நடக்கும் என்பதை மணமேல்குடி பக்கத்து ஜனங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். முதலில் படகின் எண் வரும். பிறகு எத்தனை பேர் என்று வரும். பெயர் கடைசியில்தான் வரும். எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் இருக்கிற அந்த நேரத்தைத்தான் ஹோண்டா படமாக்கியிருக்கிறார்.

புயல் ராத்திரி

அடுத்து ஓடோ தீவு. படத்துக்காக வைத்த கற்பனைத் தீவு. மீனவர் குடியிருப்பு.

கொஞ்ச நாளாக மீன்பாடே இல்லை. வலை வெறுமையாக வருகிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர், "இது கொஜிரா வேலை" என்கிறார். அந்தக் காலத்தில் மீன்பாடு இல்லாவிட்டால் ஒரு பெண்ணைத் தெப்பத்தில் ஏற்றிக் கடலுக்குப் பலி அனுப்புவார்களாம். இப்போது முகமூடி போட்டு ஆடும் சடங்கு மட்டும் மிச்சம். இளசுகள் பெரியவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அன்று ராத்திரி புயல் வருகிறது.

மழை, காற்று, இருட்டு. திம், திம் என்று ஒரு சத்தம். அது காற்றா, இடியா, காலடியா? ஒன்றும் புரியவில்லை. ஒரு வீட்டின் கூரை அப்படியே கீழே இறங்குகிறது. உள்ளே தாயும் மூத்த மகனும். தம்பி மட்டும் வெளியே ஓடித் தப்புகிறான்.

விடிந்ததும் கணக்கு எடுக்கிறார்கள். வீடு 17, சாவு 9, கால்நடை 20.

ஊர்க்காரர்கள் தலைநகர் டோக்கியோவுக்குப் போய் சாட்சி சொல்கிறார்கள். "வீடு பக்கவாட்டில் சாயவில்லை ஐயா, மேலே இருந்து மிதிபட்டிருக்கு" என்று. தம்பிப் பையன், "காற்றுக்குள் ஏதோ உயிருள்ள ஒன்றைப் பார்த்தேன்" என்கிறான். பெரிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

பிறகு விஞ்ஞானி போய்ப் பார்த்து, வந்தது மிருகம்தான், குண்டுச் சோதனையால் கிளம்பி வந்தது என்று சொன்னதும் சபையில் ஒரே அமளி! வெளியே சொல்லக்கூடாது, வெளிநாட்டு உறவு கெட்டுப்போகும் என்கிறார் ஓர் உறுப்பினர். உண்மையை மறைக்காதே என்று பெண் உறுப்பினர்கள் எழுந்து சத்தம் போடுகிறார்கள்.

மிருகப் படத்தில் சட்டசபைச் சண்டை! அதுவும் பார்க்க நன்றாகவே இருக்கிறது.

யானை பெயர் வைத்த புயல்

2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலை. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. கரை ஏறிய புயல் வழக்கமாக வலு இழந்துவிடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அது தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை மிதித்துக்கொண்டு மேற்கே போனது.

கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி, அறந்தாங்கி, கந்தர்வகோட்டை. எங்கே பார்த்தாலும் தென்னை விழுந்து கிடந்தது. வாழை படுத்துவிட்டது. தாத்தா வைத்த பலா வேரோடு பிடுங்கிக்கொண்டது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. குடிதண்ணீருக்கு ஜெனரேட்டர் வைத்து மோட்டார் ஓட்டினார்கள். நிவாரணம் கேட்டுச் சாலை மறியல். மத்தியக் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது.

கஜா என்றால் யானை. பெயர் வைத்தது இலங்கை.

ஜப்பான்காரன் மிருகத்தைப் புயலுக்குள் வைத்துக் காட்டினான். நம் பக்கம் புயலுக்கே மிருகத்தின் பெயர்!

விடிந்ததும் கணக்கு எடுத்தார்களே, அந்தக் காட்சியை ஆலங்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர் பார்த்தால் சிரிக்க மாட்டார். எத்தனை மரம், எத்தனை வீடு, ஓடா கூரையா, முழுச் சேதமா பாதிச் சேதமா, ஆடு எத்தனை, மாடு எத்தனை. இந்தக் கேள்விகளுக்குக் கிராம நிர்வாக அதிகாரி முன்னால் வரிசையில் நின்று பதில் சொன்னவர்கள் இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். போன மரத்தைப் "போச்சு" என்று நிரூபிக்க வேண்டிய வேதனை அவர்களுக்குத் தெரியும்.

ஓடோ தீவு ஜனங்கள் 17 வீட்டுக்காக டோக்கியோ போனதும் அதற்குத்தான்.

குளமங்கலம் குதிரை

சரி, மிருகம் எவ்வளவு பெரிது?

1954 படத்தில் அதன் உயரம் 50 மீட்டர். அதாவது 164 அடி. கணக்கு புரியவில்லை என்றால் கீரமங்கலம் அருகே குளமங்கலத்துக்குப் போக வேண்டும். பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோவிலில் நிற்கும் வெள்ளைக் குதிரையின் உயரம் சுமார் 33 அடி. மாசி மகத்தன்று கழுத்து தெரியாமல் காகித மாலை போடுவார்களே, அதே குதிரைதான். அதைப் போல ஐந்து குதிரையை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தினால் ஒரு கொஜிரா!

குதிரை ஊரைக் காக்க நிற்கிறது, கொஜிரா ஊரை மிதிக்க வருகிறது. ஆனாலும் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் ஒன்றைச் செய்து வைத்துக் கும்பிடுகிற ஊர்க்காரர்களுக்கு ஓடோ தீவுப் பெரியவர் சொல்வது அப்படியொன்றும் புதிதாக இருக்காது.

உள்ளே ஆள்!

இப்போது முதல் கட்சிக்காரர்களின் வாதத்துக்கு வரலாம். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பார்த்தால் வாக்குவாதம் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:-

"ஏன் சித்தப்பா, இதுக்கு உள்ளே ஆள்தானே இருக்கான்?"

"ஆமாண்டா, ஆள்தான்."

"அப்ப இது டூப்பு."

"உங்க காங்கு மட்டும் என்ன, காட்டுல புடிச்சுட்டு வந்ததா?"

பையன் சொல்வதில் பொய் இல்லை. உள்ளே ஆள்தான். அவர் பெயர் ஹருவோ நகாஜிமா. "ஏழு சாமுராய்" படத்திலும் சின்ன வேடத்தில் தலைகாட்டியவர். முதலில் செய்த மிருக உடையின் எடை 100 கிலோவை நெருங்கியது. அதைப் போட்டுக்கொண்டு சில அடிதான் நகர முடிந்தது. பிறகு வேறு உடை செய்தார்கள். அதுவும் லேசு இல்லை. சினிமா விளக்குகளின் வெப்பம், உள்ளே காற்று இல்லை. உடையைக் கழற்றினால் வியர்வையைக் கொட்டும் அளவுக்கு இருக்குமாம்.

அவர் நடையை எங்கே கற்றார்? மிருகக்காட்சி சாலைக்குப் போய் யானையும் கரடியும் காலை எப்படி ஊன்றுகின்றன என்று பார்த்துக்கொண்டு வந்தார். அந்த அடி அடியான நடை யானை நடை!

உறுமல் எந்த மிருகத்தின் குரலும் இல்லை. இசையமைப்பாளர் அகிரா இபுகுபே பெரிய டபுள் பாஸ் வாத்தியத்தின் கம்பியைப் பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்க்கச் சொன்னார். அந்தச் சத்தத்தை ஓட்டத்தை மாற்றிப் பதிவு செய்தார்கள். 70 ஆண்டாக உலகம் கேட்கிற உறுமல் அதுதான்.

அழுத ஹீரோ

வெளிவந்தபோது ஜப்பான் பத்திரிகை விமர்சகர்கள் பலர் இந்தப் படத்தைச் சாடினார்கள். படகுக்காரர்களின் துயரத்தையும் யுத்தத்தின் துயரத்தையும் காசாக்கிவிட்டார்கள் என்று புகார்.

அந்தப் புகார் ஹோண்டாவுக்குப் பொருந்துமா? அவர் சிப்பாயாகச் சீனாவில் இருந்துவிட்டு, யுத்தம் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்ணால் பார்த்தவர். படத்தில் ரெயிலில் போகிற ஒரு பெண் பேசும் இடம் ஒன்று உண்டு. சூரை மீனில் விஷம், மழையில் விஷம், இப்போது இதுவுமா, நாகசாகியில் தப்பிய உயிராயிற்றே என்று அலுத்துக்கொள்கிறாள். ஏதோ விலைவாசி பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசுகிறாள். காசுக்காக மட்டும் எடுக்கிறவனுக்கு அப்படி ஒரு காட்சி தோன்றாது.

ஜனங்கள் விமர்சனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சுமார் 96 லட்சம் டிக்கெட் விற்றது.

ஹீரோவாக நடித்த அகிரா தகராதா படம் முடிந்து முதலில் போட்டுக் காட்டியபோது அழுதுவிட்டார். யாருக்காக? செத்துப்போன மிருகத்துக்காக! குண்டு போட்டவன் மனிதன், அடிபட்டது அது என்று அவர் பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்னதுண்டு.

இன்னொரு காட்சியையும் சொல்லியாக வேண்டும். டெலிவிஷன் கோபுரத்தின் மேல் நின்று ஒரு நிருபர் மைக்கில் பேசிக்கொண்டிருக்கிறார். மிருகம் நேராக அவரை நோக்கி வருகிறது. அவர் ஓடவில்லை. நேயர்களுக்கு விடை சொல்லிவிட்டுக் கோபுரத்தோடு விழுகிறார். தொழில் சுத்தம் என்றால் அது!

வெட்டு

1956-ல் படம் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே என்ன செய்தார்கள் என்றால், ரேமண்ட் பர் என்ற நடிகரைப் புதிதாக நடிக்க வைத்து, அமெரிக்க நிருபர் என்று நடுவே ஒட்டினார்கள். ரெயில் பெண்ணை வெட்டினார்கள். குண்டைப் பற்றிய பேச்சைக் குறைத்தார்கள். படம் 80 நிமிடம் ஆனது. உலகத்தின் பெரும்பகுதி பார்த்தது இந்த ஒட்டுப் படத்தைத்தான். நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பாஸ்லி கிரௌதர் மட்டமான படம் என்று கிழித்துவிட்டார்.

பம்பாயிலும் இந்தக் காற்று அடித்தது. 1966-ல் "கோகோலா" என்ற இந்திப் படம் வந்தது. கடலில் இருந்து ராட்சத மிருகம் வருகிற கதை. பெயரைப் பார்த்தாலே அப்பன் யார் என்று தெரியும்.

வந்தன சின்னப் படகுகள்

2023 நவம்பர் 3-ந் தேதி, அதாவது முதல் படம் வந்த அதே தேதியில், தோஹோ கம்பெனி "காட்ஜில்லா மைனஸ் ஒன்" படத்தை வெளியிட்டது. இயக்கம் தகாஷி யமசாகி. கம்ப்யூட்டர் காட்சிகள் 610. செய்தவர்கள் 35 பேர்தான்! 2024 மார்ச்சில் தந்திரக் காட்சிக்கான ஆஸ்கார் கிடைத்தது. அந்தப் பரிசை வாங்கிய முதல் ஜப்பான் படம் இது. ஹாலிவுட் டைரக்டர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் மூன்று தடவை பார்த்ததாகத் தன்னிடம் சொன்னார் என்று யமசாகி தெரிவித்தார்.

2024 ஜூனில் நெட்பிளிக்ஸ் மூலம் இது செல்போனுக்கும் வந்துவிட்டது. மறுபடியும் பழைய சண்டை! "மிருகம் கொஞ்ச நேரம்தான் வருது, மீதி எல்லாம் அழுகாச்சி" என்று முதல் கட்சி.

கதை யுத்தம் முடிந்த காலத்தில் நடக்கிறது. தற்கொலைப் படை விமானி ஒருவன் சாகப் பயந்து திரும்பிவிடுகிறான். பிறகு வயிற்றுப் பிழைப்புக்குக் கடலில் கண்ணிவெடி பொறுக்கும் வேலை. இரும்புப் படகு என்றால் வெடித்துவிடும் என்பதால் ஓட்டை மரப்படகில் போகிறார்கள். அந்தப் படகின் பின்னாலேயே மிருகம் துரத்தி வரும் காட்சி ஒன்று உண்டு. கடலில் என்ஜின் நின்றுபோன அனுபவம் உள்ளவர்கள் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

அரசாங்கம் கை விரித்துவிடுகிறது. அமெரிக்காவும் ரஷ்யாவுக்குப் பயந்து வர மறுக்கிறது. பழைய கடற்படை ஆட்களே கூடித் திட்டம் போடுகிறார்கள். கடைசிக் கட்டத்தில் இரண்டு பெரிய கப்பல்கள் சேர்ந்து இழுத்தும் முடியவில்லை. அப்போது தூரத்தில் சின்னச் சின்னப் படகுகள் வரிசையாக வருகின்றன. யாரும் கூப்பிடவில்லை, கூட்டிக்கொண்டு வருவது "நீ சின்னப் பையன், வராதே" என்று கரையில் விட்டுவிட்டுப் போன ஆள்!

மேலே சொன்னால் பார்க்காதவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

பழைய படத்தைத் தேடிப் பார்க்க நினைப்பவர்கள் ஒன்று கவனிக்கவும். ஓடும் நேரம் 96 நிமிடம் என்று இருந்தால் அது ஜப்பான் படம். 80 நிமிடம் என்றால் வெட்டுப்பட்டது; ரெயில் பெண் அதில் இல்லை.